27 அவுட்டா, 60 நிமிடமா? பேஸ்பாலும் அமெரிக்க ஃபுட்பாலும்

ஞாயிறு ரசிகன் | 2025 அக்டோபர் 28

நேத்து ராத்திரி பேஸ்பால் இறுதித் தொடர்ல (உலகத் தொடர்) டாட்ஜர்ஸ் – ப்ளூ ஜேஸ் மூணாவது ஆட்டம். 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். ரசிக்கிறவங்க ரசிச்சுக்கோங்க. ஆனா மனசாட்சியோட சொல்லுங்க, அதுல பாதி நேரம் பிட்சர் (பந்து எறியறவர்) தொப்பியைச் சரிபண்றதும் பேட்டர் கையுறையை இறுக்குறதும்தானே? ஃபுட்பால்னா 60 நிமிடம், நாலு குவார்ட்டர், சோலி முடிஞ்சது. ஆட்டம்னா அதுதான். பேஸ்பால் ஓய்வுபெற்றவங்களுக்கு.

கடைசி அவுட் | அக்டோபர் 28

60 நிமிடம் கடிகாரத்தில். பந்து உயிரோடு இருக்கும் நேரம் வேறு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் என்.எஃப்.எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஆட்டங்களை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிப் பார்த்தது. உண்மையில் ஆடிய நேரம் 11 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அதே பத்திரிகை 2013இல் பேஸ்பாலை எண்ணியபோது 18 நிமிடம் வந்தது. ஆக, "சும்மா நிற்கிறார்கள்" என்ற புகாரை வைத்து ஃபுட்பால் ஜெயிக்க முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில். ஃபுட்பாலில் முன்னிலையில் இருக்கிற அணி வினாடிகளைச் செலவழித்தே ஆட்டத்தை முடித்துவிடலாம். பேஸ்பாலில் அந்த வழியே கிடையாது. 9ஆவது இன்னிங்ஸில் 8 ரன் முன்னிலை இருந்தாலும் பந்தை பிளேட்டுக்கு (பேட்டர் முன்னால் தரையில் இருக்கும் பலகை) மேலே போட்டுத்தான் ஆக வேண்டும், மூன்று அவுட் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒன்றில் கையிருப்பு வினாடி, இன்னொன்றில் கையிருப்பு அவுட். எந்த முடிவையும் இந்தக் கையிருப்பை வைத்து அளந்தால் பாதி விவாதம் தானாகத் தீரும்.

கடைசி அவுட் | அக்டோபர் 28, இரவு

தொப்பி, கையுறை விஷயம் 2022ஓடு போய்விட்டது. 2023இல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸ் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய இடங்கள்) காலியாக இருந்தால் பந்தை எறிய 15 வினாடி. ஓட்டக்காரர் இருந்தால் முதல் வருடம் 20, 2024 முதல் 18. எண் 8 காட்டும்போது பேட்டர் தயாராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று ஆனால் பேட்டர் அவுட்). பிட்சர் தாமதித்தால் ஒரு பால் (நான்கு ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்). 9 இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி 2022இல் 3 மணி 4 நிமிடம், 2023இல் 2 மணி 40 நிமிடம். ஆட்டத்தில் எதையும் வெட்டாமல் 24 நிமிடம் மிச்சம்.

இந்தக் கடிகாரம் அவுட் கணக்கைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 9 இன்னிங்ஸுக்கு மும்மூன்றாக ஓர் அணிக்கு 27 அவுட், அது 27தான். நேற்று 18 இன்னிங்ஸ் போனதற்குக் காரணமும் வேறு: வழக்கமான சீசனில் 10ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரைச் சும்மா நிறுத்துகிறார்கள். பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றுகள்) அது கிடையாது.

இடக்கை | அக்டோபர் 29

பிட்ச் கிளாக் வந்த பிறகு பேஸ் திருட்டு (பந்து எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிடறது) ஏறிடுச்சே, அது ஏன்? கிளாக்குக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசி அவுட் | அக்டோபர் 29

கிளாக் இல்லை, அதோடு கூட வந்த விதி. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் மவுண்டில் கால் ஊன்றும் ரப்பர் பட்டையிலிருந்து காலை எடுக்கவோ பேஸுக்கு எறியவோ முடியும். மூன்றாவது முறை எறிந்து ஓட்டக்காரரை அவுட்டாக்காவிட்டால் அது பாக் (பிட்சரின் விதிமீறல்), ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் இலவசம். எனவே இரண்டு எறிதல் முடிந்ததும் ஓட்டக்காரர் இன்னும் ஓர் அடி தள்ளி நிற்பார்.

அந்த ஓர் அடி ஏன் பெரிசு? பிட்சர் அசையத் தொடங்கி பந்து பிளேட்டுக்கு வர சுமார் 1.3 வினாடி. கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்) பிடித்து, எழுந்து, இரண்டாம் பேஸுக்குப் பந்து போய்ச் சேர சுமார் 2.0. மொத்தம் 3.3. நல்ல ஓட்டக்காரருக்கு ஆகும் நேரமும் 3.3-ஐ ஒட்டித்தான். பேஸின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நாலரை அங்குலம் குறைந்தது. நூலிழையில் நிற்கும் கணக்கில் நாலரை அங்குலமே தாராளம். 2022இல் 2,486 திருட்டு, 2023இல் 3,503. வெற்றி விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டியது.

அந்த 80 முக்கியம். ஓட்டக்காரர் முதல் பேஸில், அவுட் இல்லை என்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.86 ரன் வரும். இரண்டாம் பேஸுக்குப் போய்விட்டால் 1.10. பிடிபட்டால் பேஸ் காலி, ஓர் அவுட், 0.25. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் அசையும், ஆனால் உருவம் இதுதான். கிடைப்பது கால் ரன், போவது 0.6 ரன். நூற்றுக்கு 72 முறையாவது தப்பித்தால்தான் கட்டுபடியாகும். பேஸை இழப்பதைவிட அவுட்டை இழப்பதுதான் அடிமடியில் கைவைக்கிறது.

இடக்கை | அக்டோபர் 29

அப்போ சாக்ரிஃபைஸ் பன்ட்? பந்தை மட்டையால மெல்லத் தொட்டு உருட்டி, ஓட்டக்காரரை நகர்த்த வேணும்னே ஓர் அவுட்டைக் கொடுக்கிறதுதானே?

கடைசி அவுட் | அக்டோபர் 30

முதல் பேஸிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ள பன்ட் செய்தால் 0.86 என்பது 0.67 ஆகிறது. நஷ்டம். "ஒரே ஒரு ரன் போதும்" என்ற நிலையிலும் அதன் வாய்ப்பு கூடுவதில்லை. ஆகவே அந்தப் பன்ட் பழக்கதோஷம் மட்டுமே.

இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு, அவுட் இல்லாதபோது என்றால் கதை வேறு. சராசரி ரன் குறையும், ஆனால் குறைந்தது ஒரு ரன் வரும் வாய்ப்பு அறுபதுக்குச் சற்று மேலிருந்து அறுபத்தைந்துக்குப் போகும். மூன்றாவதில் ஓட்டக்காரர், ஓர் அவுட் என்றால் வெளிக்களத்துக்கு ஒரு உயர அடி போதும். ஆகவே வழக்கமான சீசனில் 10ஆவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் (சொந்த மைதான அணி இரண்டாவதாக ஆடும் பாதி), ஸ்கோர் சமம் என்றால் பன்டுக்கு நியாயம் உண்டு. அதே இன்னிங்ஸின் மேல்பாதியில் கூடாது. எதிரணிக்கும் இரண்டாம் பேஸில் ஓட்டக்காரர் கிடைக்கப்போகிறார், ஒரு ரன்னை வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

பன்ட் செய்யத் தெரிந்தவர் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பன்ட் ஃபவுல் போனால் நேராக அவுட். சாதாரண அடிக்கு அந்தத் தண்டனை இல்லை. மணிக்கு 95 மைல் பந்து, கழுத்து உயரத்தில் வந்தால் மட்டை கீழிருந்து மேலே போகும், பந்து கேட்சர் கையில். மட்டையை ஸ்ட்ரைக் சோனின் (பந்து ஸ்ட்ரைக் ஆகக் கடக்க வேண்டிய கற்பனைப் பெட்டி) மேல் விளிம்பிலேயே பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்குவதுதான் முறை. அதற்கு மேலே வரும் பந்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

நாலாம் டவுன் | அக்டோபர் 31

பேஸ்பால் பாடம் போதும் தல. ஃபுட்பால்ல கடைசியில குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துறவர்) முழங்கால் போட்டுட்டு உக்காந்துடறார், எதிரணி கை குலுக்கப் போயிடுது. கடிகாரத்துல இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு! எப்ப அப்படிப் பண்ணலாம்?

கடைசி அவுட் | அக்டோபர் 31

வாய்ப்பாடு எளிது. முழங்கால் ஊன்றினால் அந்த முயற்சி முடிந்தது, அதற்கு 2 வினாடி. அதன் பிறகு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க, அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) 40 வினாடி அவகாசம். 10 யார்டு கடக்க நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; கடந்தால் மறுபடி முதல் டவுன். முதல் டவுன் கையில் இருந்தால் மூன்று முறை செய்யலாம்: 42 × 3 = 126 வினாடி. எதிரணியிடம் டைம்அவுட் இல்லை, கடிகாரம் 2 நிமிடத்துக்குக் கீழே என்றால் ஆட்டம் முடிந்தது. அவர்களிடம் இருக்கும் ஒவ்வொரு டைம்அவுட்டுக்கும் 40 கழியுங்கள். ஒன்று இருந்தால் சுமார் 1:26. இரண்டு இருந்தால் 46 வினாடி. மூன்றும் இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது, ஒரு முதல் டவுனாவது எடுத்தே தீர வேண்டும். 2 நிமிடத்துக்கு மேலே இருந்தால் டூ மினிட் வார்னிங்கை (பாதி முடிய 2 நிமிடம் இருக்கும்போது கடிகாரம் நிறுத்தப்படுவது) எதிரணியின் இன்னொரு டைம்அவுட்டாக எண்ணுங்கள்.

இந்த வழக்கம் ஊன்றியதே ஒரு விபத்தால். 1978 நவம்பர் 19, ஜயன்ட்ஸ் – ஈகிள்ஸ். ஜயன்ட்ஸ் 17–12 முன்னிலை, ஈகிள்ஸிடம் டைம்அவுட் இல்லை. முழங்கால் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தை லாரி சொங்காவிடம் கொடுக்கப் போனார், பந்து நழுவியது. ஹெர்ம் எட்வர்ட்ஸ் அள்ளிக்கொண்டு 26 யார்டு ஓடி டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, 6 புள்ளி). 19–17. அதன் பிறகு முழங்கால் போடுவதற்கென்றே தனி அணிவகுப்பு வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒட்டி நிற்பார்கள், குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் தள்ளி ஒருவர். அவர் வேலை, பந்து நழுவினால் ஓடுபவனைப் பிடிப்பது மட்டும்.

ஞாயிறு ரசிகன் | அக்டோபர் 31

ஆக, என் ஆட்டத்துலதான் கடைசி ஒன்றரை நிமிஷம் சும்மா நிக்கிறாங்கன்னு சொல்றீங்க. சரி, அந்த ரவுண்டு உங்களுக்கு.

கடைசி அவுட் | நவம்பர் 2

உலகத் தொடர் முடிந்தது, டாட்ஜர்ஸ் 4–3. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களின் 9ஆவது இன்னிங்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இழை முழுக்கப் பேசியது அங்கே இருக்கிறது.

ஆறாவது ஆட்டம், டாட்ஜர்ஸ் 3–1. ப்ளூ ஜேஸ் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆட்கள், ஓர் அவுட். ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ் இடது களத்துக்குத் தாழ்வாக அடித்தார். கிகே எர்னாண்டஸ் முன்னே ஓடிவந்து பிடித்தார், நின்ற வேகத்தில் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பந்து பிடிபட்டால் ஓட்டக்காரர் திரும்பி வந்து பேஸைத் தொட வேண்டும்; ஆடிசன் பார்ஜர் பேஸை விட்டுத் தள்ளிப் போயிருந்தார். இரட்டை அவுட், ஆட்டம் முடிந்தது.

மறுநாள், ஸ்கோர் 4–4, 9ஆவதின் கீழ்ப்பாதி, மூன்று பேஸும் நிறைவு, ஓர் அவுட். மூன்றாவதில் ஐசையா கைனர்-ஃபலேஃபா, பேஸை ஒட்டியே நின்றார். டால்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை மிகெல் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு (பிளேட்டுக்கு) எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டைத் தொடுவதற்கும் ஓட்டக்காரர் சறுக்கி வருவதற்கும் இடையில் கண்ணிமைக்கும் நேரம். அவுட். அந்த ரன் வந்திருந்தால் கோப்பை டொரோன்டோவுக்கு.

முதல் நாள் ஓட்டக்காரர் பேஸிலிருந்து நின்ற தூரம் அதிகம், மறுநாள் குறைவு. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுத் திட்டுகிறார்கள், அது சரியில்லை. பார்ஜர் இரண்டாவதில் இருந்தவர், 2 ரன் பின்தங்கிய நிலை, அவர் ரன் வந்தால்தான் சமன். பந்து பிடிபடாது என்பது தெரிந்த பிறகு ஓடினாலும் பெரும்பாலும் வந்துவிடலாம். அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. கைனர்-ஃபலேஃபா நிலை நேர்மாறு: நிறைந்த பேஸ், ஃபோர்ஸ் (ஓட்டக்காரர் கட்டாயம் அடுத்த பேஸுக்கு ஓட வேண்டிய நிலை) இருக்கிறது, கேட்சர் ஓட்டக்காரரைத் தொட வேண்டியதில்லை, பிளேட்டில் கால் வைத்தால் போதும். உள்களம் முன்னே வந்து நிற்கிறது, தரைப்பந்து எல்லாம் ஹோமுக்குத்தான் வரும். அங்கே ஒவ்வோர் அடியும் பொன். மூன்றாம் பேஸ்மேன் கைக்கு நேராக ஒரு லைன் டிரைவ் (தரை படாமல் தாழ்வாகப் பாயும் அடி) போனால் இரட்டை அவுட் என்ற பயம் புரிகிறது. ஆனால் அது அபூர்வம், தரைப்பந்து சாதாரணம்.

செய்திருக்க வேண்டியது: பிட்சர் காலைத் தூக்கும்வரை ஒட்டி நிற்கலாம், குற்றமில்லை. பந்து கையை விட்டதும் ஃபவுல் கோட்டுக்கு வெளிப்பக்கமாக இரண்டு எட்டு குதித்து நகர வேண்டும். பந்து மட்டையை அடையும் கணத்தில் வலது கால் தரையில் பதிய வேண்டும். தரையோடு போனால் அந்தக் காலையே உந்திப் பாயலாம், காற்றில் போனால் திரும்பலாம். வெளிப்பக்கம் ஏன் என்றால், கோட்டுக்குள் நிற்கும்போது அடிபட்ட பந்து மேலே பட்டால் அவர் அவுட்.

கடைசி அவுட் | நவம்பர் 2, இன்னும் ஒன்று

அந்த ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோல்விக்கு இரண்டு அவுட் தூரத்தில் இருந்தார்கள். ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், 11ஆவதில் ஸ்மித் ஹோம் ரன், 5–4. அந்த நேரத்தில் ப்ளூ ஜேஸ் முழங்கால் போட வழியிருந்தால் போட்டிருப்பார்கள். இல்லை. அவ்வளவுதான் என் வாதம்.

இடக்கை | நவம்பர் 2

டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோவை விட்டுட்டீங்களே. முந்தின நாள் 96 பந்து போட்டுட்டு மறுநாள் கடைசி எட்டு அவுட்!

கடைசி அவுட் | நவம்பர் 2

அது மனித சாதனை, கொள்கையாக எடுத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் யாரும் செய்யக் கூடாது.

நாலாம் டவுன் | நவம்பர் 3

ஜாக்சன்வில் கேம் லிட்டில் நேத்து 68 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதை, 3 புள்ளி)! டக்கரோட 66 யார்டு சாதனை போயே போச்சு. உதைக்கிறவங்களுக்குத் திடீர்னு என்ன ஆச்சு?

கடைசி அவுட் | நவம்பர் 3

கால் அதேதான், பந்து மாறியிருக்கிறது. உதைப்பதற்கென்று தனிப் பந்துகள் உண்டு. முன்பு ஆட்ட நாளில்தான் அவை அணியின் கைக்கு வரும், புதுத் தோல், வழுக்கும், விறைப்பாக இருக்கும். இந்த சீசன் முதல் முன்கூட்டியே வாங்கித் தேய்த்துப் பழக்க அனுமதி. பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேல்மெழுகு போகும், தோல் இளகும், உதைபடும் இடம் பெரிதாகும். காற்றழுத்தம் பழைய வரம்புதான், 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ.

சாதனையை விடுங்கள், இதனால் கடிகாரத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஃபீல்ட் கோல் தூரம் என்பது பந்து நிற்கும் கோட்டோடு 18 கூட்ட வேண்டும்: எண்ட் சோன் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) 10, உதைக்கப் பந்தைப் பிடித்து வைப்பவர் பின்னால் நிற்பது 8. 60 யார்டு உதைக்கத் தெரிந்தவர் இருந்தால் எதிரணியின் 42ஆவது யார்டு கோடு போதும். இந்த வருடம் கிக்ஆஃபில் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பந்து நேராக எண்ட் சோனுக்குப் போனால் டச்பேக், அதாவது பெறும் அணி ஓடாமலே தன் 35இல் (போன வருடம் 30). 35இலிருந்து அந்த 42க்கு 23 யார்டு. பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி இரண்டு பாஸ், ஒவ்வொன்றும் 5, 6 வினாடி. முதல் பாதி முடிய 20 வினாடி இருந்தால் 3 புள்ளிக்கு முயற்சி செய்யலாம் என்று அர்த்தம். முன்பெல்லாம் அந்த 20 வினாடிக்கு முழங்கால் போட்டு உள்ளே போவார்கள்.

டைம்அவுட் இல்லாதபோது பாஸைக் கோட்டருகே இல்லாமல் களத்தின் நடுவே பிடித்தால் கணக்கு உதைக்கும். எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்று, கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அறைய 15 வினாடிக்குக் கிட்ட ஆகிவிடும். அந்த அவசரத்தில் யாராவது முன்கூட்டி அசைந்தால், பாதியின் கடைசி 2 நிமிடமாக இருந்தால், 5 யார்டோடு 10 வினாடியும் கழித்துவிடுவார்கள். 8 வினாடிதான் இருந்தது என்றால் அதோடு பகுதி முடிந்தது. கையில் ஒரு டைம்அவுட் மிச்சம் இருந்தால் அதைக் கொடுத்து அந்த 10 வினாடியைக் காப்பாற்றலாம்.

கோட்டுக்கு வெளியே போனால் கடிகாரம் நிற்கும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. முதல் பாதியின் கடைசி 2 நிமிடம், இரண்டாம் பாதியின் கடைசி 5 நிமிடம் மட்டுமே அடுத்த ஸ்னாப் வரை நிற்கும். மற்ற நேரத்தில் நடுவர் பந்தை வைத்துக் கை காட்டியதும் ஓடத் தொடங்கிவிடும்.

கடைசி அவுட் | நவம்பர் 4

மேலே சொன்னதற்குச் சேர்ப்பு. உதைக்கிற அணி இதற்கு என்ன செய்யலாம்? தரையோடு உருளும்படி குட்டையாக உதைக்கலாம். கடிகாரம் பெறுபவர் களத்துக்குள் பந்தைத் தொட்டால்தான் ஓடும், டச்பேக்கில் ஒரு வினாடிகூடக் கழியாது. 2022 ஜனவரியில் பில்ஸ் இதைச் செய்யாமல் விட்டார்கள். 13 வினாடி பாக்கி, 3 புள்ளி முன்னிலை, எண்ட் சோனுக்கு நேராக உதைத்தார்கள். சீஃப்ஸிடம் மூன்று டைம்அவுட்டும் இருந்தன. ஹில்லுக்கு 19 யார்டு பாஸ், கெல்சிக்கு 25 யார்டு பாஸ், பட்கர் 49 யார்டு உதை, சமன். கூடுதல் நேரத்தில் சீஃப்ஸ் 42–36. உருளவிட்டிருந்தால் 4, 5 வினாடி போயிருக்கும், இரண்டாவது பாஸுக்கே இடமில்லை. இப்போதைய விதியில் பந்து 20ஆவது கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் விழ வேண்டும், எட்டாமல் போனால் எதிரணிக்கு 40இல் பந்து. ஆகவே உருட்டுவது இன்னும் நுணுக்கமான வேலையாகிவிட்டது.

ஞாயிறு ரசிகன் | நவம்பர் 6

கடிகாரம் கடிகாரம்னு பேசுறீங்க. 2015 சூப்பர் பவுல் (என்.எஃப்.எல் இறுதிப் போட்டி), டச்டவுனுக்கு ஒரு யார்டு, ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் பக்கத்துல நிக்கிறார், சீஹாக்ஸ் பாஸ் போட்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்சுடுச்சு). அதுக்கும் கணக்கு சொல்வீங்களா?

கடைசி அவுட் | நவம்பர் 6

சொல்வேன், கல் எறியாதீர்கள். 28–24, சீஹாக்ஸ் பின்னே. இரண்டாவது டவுன், 26 வினாடி, ஒரே ஒரு டைம்அவுட். கையில் மூன்று முயற்சி இருக்கிறது, மூன்றையும் ஓடிப் பார்க்க நேரம் போதாது. ஓட்டம் தடுக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது. டைம்அவுட்டைச் செலவழித்தால், அடுத்த ஓட்டமும் தடுக்கப்பட்டால், நாலாவதுக்கு வரிசையில் நிற்பதே சந்தேகம். பாஸ் தவறினால் கடிகாரம் தானே நிற்கும். மூன்றில் ஒன்று பாஸ் என்றால் மூன்று முயற்சியும் பத்திரம். பாஸ் என்ற முடிவில் தப்பில்லை.

எந்தப் பாஸ் என்பதில்தான் தப்பு. உள்நோக்கி வெட்டும் குட்டைப் பாஸ், கூட்டத்துக்கு நடுவில். முன்னே நிற்கிற ஜெர்மெய்ன் கெர்ஸ் எதிராளியை மறித்தால்தான் பின்னால் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு வழி கிடைக்கும். பிராண்டன் பிரௌனர் கெர்ஸை நெஞ்சிலேயே பிடித்து நிறுத்திவிட்டார். மால்கம் பட்லருக்குப் பாதை திறந்து கிடந்தது, நேராக வந்து பந்தின் முன் நின்றார். அதே கணக்குக்கு எண்ட் சோனின் மூலைக்கு உயரப் போட்டிருந்தால் ஒன்று டச்டவுன், இல்லையேல் பார்வையாளர் வரிசைக்குப் போயிருக்கும்.

கணக்குப்படி மன்னிக்க முடியாதது 2017 சூப்பர் பவுல். ஃபால்கன்ஸ் 28–20, பந்து பேட்ரியட்ஸின் 22இல், 4:40 பாக்கி. மூன்று முறை ஓடி விழுந்திருந்தால்கூட 40 யார்டு சுற்றிய உதை, 31–20, இரண்டு முறை ஸ்கோர் செய்தாக வேண்டிய வித்தியாசம். ஓர் ஓட்டத்தில் 1 யார்டு நஷ்டம். அடுத்து பாஸ் போடப் பின்வாங்கினார்கள், ட்ரே ஃப்ளவர்ஸ் சாக் செய்ததில் (பாஸ் போடும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) 12 யார்டு போனது. அடுத்த பாஸில் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்தும் விதிமீறல்), இன்னும் 10. உதைக்கும் தூரத்தை விட்டே வெளியே தள்ளப்பட்டு, பந்தை எதிரணிக்கே தூரமாக உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். சும்மா இருந்தாலே லாபம் என்ற இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை. முடிவு 34–28.

இடக்கை | நவம்பர் 9

அடுத்த சீசன்ல பேஸ்பால்ல வர்ற பால்–ஸ்ட்ரைக் சேலஞ்ச் (நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கிறது) பற்றி ஒண்ணும் சொல்லலியே.

கடைசி அவுட் | நவம்பர் 9

அணிக்கு இரண்டு சேலஞ்ச், சரியாக இருந்தால் கையிலேயே நிற்கும். கேட்கலாம் என்றால் பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர்தான், உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். மேனேஜர் பெஞ்சிலிருந்து கத்தி உதவ முடியாது. ஸ்ட்ரைக் சோன் பெட்டியின் அகலம் பிளேட்டின் 17 அங்குலம். மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம். 6 அடி ஆளுக்கு மேலே 38.5 அங்குலம், கீழே 19.4 அங்குலம்.

பிட்சரைக் கேட்கவிடாமல் இருப்பது நல்லது. எறிந்து முடிக்கையில் உடல் சாய்ந்திருக்கும், அவர் கண்ணுக்கு எல்லாமே ஸ்ட்ரைக். கேட்சர் கேட்கட்டும். மூன்றாவது இன்னிங்ஸில், பேஸ் காலியாக, முதல் பந்துக்கு சேலஞ்சை வீணடிக்கக் கூடாது. 3 பால் 2 ஸ்ட்ரைக் என்ற நிலையில் ஒரு தவறான அழைப்பு என்றால் வித்தியாசம் ஓர் அவுட்டுக்கும் ஒரு பேஸுக்கும். திரும்பவும் அவுட் கணக்குதான், என்ன செய்வது.

நாலாம் டவுன் | நவம்பர் 12

ஒரு சந்தேகம். 14 பின்தங்கி இருக்கும்போது டச்டவுன் போட்டு, 8 ஆனதும் உடனே 2 புள்ளிக்குப் போறாங்க. கமென்ட்ரியில திட்டுறாங்க. யார் சரி?

கடைசி அவுட் | நவம்பர் 12

போகிறவர்கள் சரி. டச்டவுனுக்குப் பின் ஒரு கூடுதல் முயற்சி உண்டு: உதைத்தால் 1 புள்ளி, பந்தைக் கோல் கோட்டுக்குள் கொண்டுபோனால் 2. 2 புள்ளி முயற்சி நூற்றுக்கு 48, ஒரு புள்ளி உதை நூற்றுக்கு 95 என்று வையுங்கள் (2015 முதல் அந்த உதை 33 யார்டு, முன்பு போல இலவசமில்லை). எதிரணி இனி ஸ்கோர் செய்யாது, நமக்கு இன்னொரு டச்டவுன் வரும் என்றும் வையுங்கள், இல்லையேல் பேச்சே இல்லை.

இரண்டு முறையும் உதைத்தால் பெரும்பாலும் சமன், கூடுதல் நேரம், அங்கே பாதிக்குப் பாதி. உதை தவறும் வாய்ப்புகளையும் சேர்த்தால் வெற்றி சுமார் 46 சதவீதம்.

முதலிலேயே 2க்குப் போனால்: கிடைத்துவிட்டால் வித்தியாசம் 6, அடுத்த டச்டவுனும் உதையும் நேரடி வெற்றி, அது 0.48 × 0.95, சுமார் 46 சதவீதம். கிடைக்காவிட்டால் அடுத்ததில் மறுபடி 2க்குப் போய்ச் சமன் செய்யலாம், 0.52 × 0.48, கால்பங்கு, அதில் பாதி வெற்றி, 12 சதவீதத்துக்கு மேல். மொத்தம் சுமார் 59. கடைசியில் முயற்சிப்பதைவிட முதலில் முயற்சிப்பது மேல், ஏனென்றால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, இரண்டாவது முறை என்ன தேவை என்று அறிந்து ஆடலாம்.

ஞாயிறு ரசிகன் | நவம்பர் 13

அப்படின்னா கூடுதல் நேரத்திலும் இரண்டாவதா ஆடறதுதானே நல்லது? 49ஏர்ஸ் 2024 சூப்பர் பவுல்ல டாஸ் ஜெயிச்சு முதல்ல பந்து வாங்கினாங்க, தோத்தாங்க.

கடைசி அவுட் | நவம்பர் 13

பிளேஆஃபில் ஆமாம். இரண்டு அணிக்கும் பந்து உறுதி, நேரம் தீர்ந்துபோகாது. இரண்டாவதாக வருபவருக்கு 3 போதுமா 7 வேண்டுமா என்று தெரியும், நாலாவது டவுனில் தயங்க வேண்டியதில்லை. 49ஏர்ஸ் 3 எடுத்தார்கள், சீஃப்ஸ் டச்டவுன் போட்டு 25–22. முதலில் வாங்குவதற்கு ஒரே வாதம், இரண்டு பக்கமும் சமனாகிவிட்டால் மூன்றாவது முறை பந்து தங்களுக்கு என்பது. அதையும் முழுக்கத் தள்ள முடியாது.

வழக்கமான சீசனில் இந்த வருடம் முதல் இரண்டு அணிக்கும் பந்து உண்டு, ஆனால் கூடுதல் நேரம் மொத்தமே 10 நிமிடம். முதலில் வாங்கியவர் ஓடி ஓடி 8 நிமிடத்தைத் தின்றுவிட்டு டச்டவுன் போட்டால், இரண்டாமவருக்கு 2 நிமிடமும் மிச்சமிருக்கிற டைம்அவுட்டும்தான். எதிரணியை ஓட்டத்தில் நிறுத்த முடியாத தடுப்பு உங்களிடம் இருந்தால், சீசனில் டாஸ் ஜெயித்ததும் பந்தை வாங்கிவிடுங்கள்.